நெட்வொர்க்கிலிருந்து டெவ்ஆப்ஸ்: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு சம்பவம்

தண்டையார்பேட்டைக்காரன்:
ஒன்பது வருஷம் ரவுட்டிங், ஸ்விட்சிங் என்று நெட்வொர்க் வேலை. போன மாதம் பெருங்குடியில் டெவ்ஆப்ஸ் (சாஃப்ட்வேரைத் தானியங்கியாக வெளியிட்டு ஓடவைக்கும் வேலை) இன்டர்வியூ. கன்டெய்னர்களுக்கு (சர்வருக்குள் தனித்தனிப் பெட்டி போல ஓடும் புரோகிராம்கள்) நடுவே பிங் என்ற சின்னச் சோதனைப் பாக்கெட் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது, ஏன் என்றார்கள். எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, என்றேன். பாக்கெட்டைச் சுற்றி இன்னொரு உறை போடும் விஎக்ஸ்லேன் 50 பைட் தின்றுவிடும், 1500-ஐ 1450 ஆக்குங்கள் என்றேன். தலையாட்டினார்கள். அப்புறம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, ஒரு பைப்லைன் (வேலைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஸ்கிரிப்ட்) எழுதச் சொன்னார்கள். வெறும் திரை. கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்டர்வியூ எடுத்த பையன் மெதுவாக, "அண்ணா, நீங்க நெட்வொர்க் ரோலே பாக்கலாமே" என்றான். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கியும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா ஹார்பரில் கன்டெய்னர் லோடு பார்த்தவர். எப்படிப் போச்சு என்று கேட்பாரே.

திருவொற்றியூர் அக்கா:
தம்பி, அந்த வெறும் திரை எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு மறக்காதது வேறு. பழைய வேலையில் ராத்திரி 2 மணி சேஞ்ச். இரண்டு ஸ்விட்சை இணைக்கும் டிரங்க் லைனில் ஒரு விலேன் (ஒரே வயரில் ஓடும் தனி நெட்வொர்க்) சேர்க்கணும். 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டு என்டர் தட்டினேன். அந்த ஒன்று மட்டும் நின்றது, மற்ற எல்லா விலேனும் போய்விட்டது. நாலு மாடியிலும் நெட்வொர்க் இல்லை.

இப்போது டெர்ராஃபார்ம், கிளவுட் நெட்வொர்க்கையும் சர்வர்களையும் கோடாக எழுதி உருவாக்கும் கருவி. ஒரு சப்நெட்டின் சிஐடிஆரை (அதன் ஐபி முகவரி வரம்பை) மாற்றி, என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் பிளானை ஓட்டினேன். கடைசி வரியில் '1 டு டெஸ்ட்ராய்', அதாவது ஒன்று அழியும், என்று வந்தது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு யாராவது இப்படி முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்று தோன்றி அழுகையே வந்துவிட்டது.

பெரம்பூர் லோகோ:
பிளான் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று அக்கா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். செக்யூரிட்டி குரூப்புக்குள்ளேயே (கிளவுட் ஃபயர்வால்) எழுதிய ஒரு ரூலை எடுத்தால் பிளான் வெறும் 'சேஞ்ச்' என்றுதான் காட்டும், ஆனால் புதிதாக வரும் டிராஃபிக் நின்றுவிடும். என்ன அறுபடும் என்பது நெட்வொர்க் படித்தவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

என் கதை சின்னது. விபிஎன் போட்டால் ஒரு சர்வர் மட்டும் கிடைக்கவில்லை, டீமே இரண்டு நாள் தேடியது. ரூட் டேபிளைப் பார்த்தேன். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் முகவரி வரம்பு 172.17.0.0/16, ஆபீஸிலும் அதே ரேஞ்ச். இரண்டும் மோதிக்கொண்டன.

தம்பி, வேலையை விடாதே. முதலில் லினக்ஸ், பிறகு ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட். பைத்தானில் தினம் அரை மணி. நிறைய கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸைக் கடைசியில் வைத்துக்கொள். இப்போது இருக்கும் ஸ்விட்ச்களின் கான்ஃபிகை (அமைப்புகளை) ஆன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவியில் பேக்கப் எடு. ஸ்விட்சில் எந்த சாஃப்ட்வேரையும் ஏற்ற வேண்டாம், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான ரிமோட் லாகின் போதும். எடுத்ததை கிட்டில் போடு. நாளைக்கு என்ன மாறியது என்று டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு) பார். அதையே தினமும் தானாக ஓட வை, அதுதான் உன் முதல் பைப்லைன். அடுத்த இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டு. சான்றிதழுக்குப் பணம் கட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணா, நான் யோசனை கேட்டு எழுதவில்லை. தெரியாதது கூட வலிக்கவில்லை, அவன் அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் வலித்தது.

ஆனாலும் நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். 24 ஸ்விட்சில் 23 வந்துவிட்டது. மிச்சம் ஒன்று இன்னும் டெல்நெட் என்ற பழைய, பாதுகாப்பில்லாத லாகினில் கிடக்கிறது. இன்றைக்கு அதில் எஸ்எஸ்எச் போடப் போகிறேன்.