பொம்மைத் தொப்பியின் மேல்வட்டம் சுருங்குகிறது, வழி சொல்லுங்கள்

மகளின் பொம்மைக்குப் பருத்தித் துணியில் பக்கெட் தொப்பி தைக்கிறேன். மூன்று வாரத்தில் ஐந்து தொப்பி தைத்தும் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. மேல்வட்டத்தைப் பக்கப் பட்டையோடு இணைக்கும் இடத்தில் குட்டிக் குட்டி மடிப்புகள் விழுகின்றன. வெளியே திருப்பினால் வட்டமாக இல்லாமல் அறுகோணம் மாதிரி தெரிகிறது.

தையல் கோட்டில் வட்டத்தின் விட்டம் 4 செ.மீ., பட்டை நீளம் 12.6 செ.மீ. இரண்டும் சரியாகவே பொருந்துகின்றன. சிக்கல் ஓரத்தில்தான் என்று நினைக்கிறேன். தையலுக்கு 6 மி.மீ. விட்டால் வட்டத்தின் வெளிவிளிம்பு 16.3 செ.மீ. ஆகிறது, பட்டையின் விளிம்போ அதே 12.6. பெரியவர்கள் தொப்பியிலும் இதே வித்தியாசம்தான், ஆனால் அங்கே அது நீண்ட சுற்றில் பரவிவிடும்.

குண்டூசிக்குப் பதில் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பார்த்தேன். தையல் நீளத்தை 2.5-இலிருந்து 1.5 மி.மீ. ஆக்கியதில் கொஞ்சம் பரவாயில்லை. பட்டை ஓரத்தில் சுற்றிலும் வெட்டுப் போட்டேன். நன்றாக விரிந்தது, ஆனால் திருப்பும்போது இரண்டு வெட்டு பிசிறிப் போய்த் தையல் வரைக்கும் ஓட்டை. ஓரத்தை 3 மி.மீ. ஆகக் குறைத்தால் மெஷின் துணியை ஊசித் துளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பசை தடவினால் விளிம்பு விறைத்து வெளியே தடிப்பாகத் தெரிகிறது.

வீட்டு உபயோகச் சாதாரண மெஷின், 11-ஆம் எண் ஊசி.

இவ்வளவு சின்ன வட்டத்தைச் சுருக்கமில்லாமல் இணைக்க, பட்டையைப் பிசிறாமல் விரியவைப்பது எப்படி?