எபேசியர் 5:23-இல் வரும் 'தலை' எதைச் சொல்கிறது?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். திருநெல்வேலியில் இருக்கிறோம், கல்யாணமாகி 4 வருஷம். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து 3 வாரமாகிறது. என் கணவர் வேண்டாம் என்கிறார். சத்தம் போடுகிறவர் இல்லை. வேதாகமத்தைத் திறந்து, பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தில் மனைவிகளுக்குச் சொல்லும் 5:22-இல் விரலை வைத்து, "கீழ்ப்படியுங்கள்னு எழுதியிருக்கே" என்கிறார். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

போதகரிடம் போனோம். ஜெபித்துவிட்டு, பொறுமையாயிரு என்று எனக்கு மட்டும் சொன்னார். அப்புறம் நானே உட்கார்ந்து படித்தேன். முந்தின வசனம் 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்துக்கெனத் தனி வினைச்சொல்லே கிடையாது. 21-இல் உள்ளதுதான் அங்கேயும் தொடர்கிறது. 25-ஆம் வசனம் புருஷருக்குச் சொல்வதோ இன்னும் கடினம்: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும்.

இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். "சரி, 23-இல் புருஷன் தலைன்னு இருக்கே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பவுல் எழுதியதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமும் இல்லை. வரும் 15-ஆம் தேதிக்குள் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இருவரும் ஒத்துப்போகாத விஷயத்தில் கடைசி முடிவு கணவனுடையது என்பதுதான் அந்தத் 'தலை'க்கு அர்த்தமா?