தோல் பையில் தங்கிவிட்ட விறகுப் புகை வாடை: போக்குவதற்கு வழி உண்டா?

கேட்பவர் (ஏற்காடு):
வணக்கம். எங்கள் பழைய வீட்டுக் கணப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டிருந்ததை அறியாமல், சென்ற ஆடி மாதத்தில் மூன்று இரவுகள் சில்வர் ஓக் விறகை எரித்துவிட்டோம். அந்த அறையில் மாட்டியிருந்த என் தந்தையாரின் தோல் பையிலும் என்னுடைய தோல் கோட்டிலும் ஏறிய புகை வாடை, இரண்டு மாதங்கள் கடந்தும் இறங்கவில்லை. சென்ட் தெளித்தேன், புகையும் சென்டும் கலந்து முன்பைவிட மோசமாகிவிட்டது. தாழ்வாரத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டதில், வெயில் அடித்த நாளில் குறைந்த வாடை மூடுபனி இறங்கியதும் திரும்பிவிட்டது. சமையல் சோடாவை நேரடியாகத் தூவலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். தூவலாமா?

தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர் (சேலம்):
ஐயா, தோலின் மீது சோடாவைத் தூவாதீர்கள். பதனிட்ட தோல் அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 5-க்கும் கீழே இருக்கும். சோடாவோ காரம். ஈரம் சிறிது சேர்ந்தாலும் போதும், தோல் வறண்டு விறைக்கத் தொடங்கும். தங்கள் தந்தையாரின் பை ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய சரக்காக இருந்தால் நிறமும் கறுத்துவிடும், அதை எவராலும் மீட்க இயலாது.

வாடை ஏன் போகவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். விறகுப் புகையில் அந்த வாடையைத் தரும் குவாயகால் முதலான ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் உள்ளன. தோல் வளைந்து கொடுப்பதற்காகப் பதனிடும்போதே நாங்கள் அதற்கு எண்ணெய் ஊட்டுகிறோம் அல்லவா, அந்த எண்ணெயில் இப்பொருள்கள் எளிதில் கரைந்து தங்கிவிடுகின்றன. ஆகவே மேலே துடைப்பதால் கரி மட்டுமே போகும். உள்ளே இருப்பது தானாக ஆவியாகி வெளியேறும் வரையில் பொறுத்திருக்க வேண்டும், வெளியேறுவதைப் பிடித்துக்கொள்ள அருகில் ஏதேனும் வைக்க வேண்டும்.

முதலில் உலர்ந்த மென்மையான துணியால் கரியைத் துடையுங்கள். பிறகு மூடியுள்ள பெரிய டப்பாவில் பையைத் திறந்த நிலையில் வைத்து, மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது வாடையைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைகள் நிறைந்த கரியை, கால் கிலோ அளவு துணியில் முடிந்து, தோலில் படாமல் உடன் வையுங்கள். அடுப்புக் கரி இதற்கு ஈடாகாது, அதில் நுண்துளைகள் மிகக் குறைவு. சோடாவைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், கிண்ணத்தில் இட்டு ஓர் ஓரமாக வைக்கலாம். பத்து நாள் கழித்து முகர்ந்து பாருங்கள். அவசரப்பட்டு வெயிலிலோ ஹேர் டிரையரின் சூட்டிலோ காட்டினால் வாடை போவதற்கு முன் தோல் வெடித்துவிடும்.

காப்பித் தோட்டத்தில் வசிப்பவர் (ஏற்காடு):
பெரியவர் கூறியது சரியே, எனினும் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் பருவத்தில் இதை மலைமேல் செய்யாதீர்கள். இங்குள்ள ஈரக் காற்றில் மூடிய டப்பாவுக்குள் தோலை வைத்தால், புகை வாடை போய்ப் பூஞ்சண வாடை வந்து சேரும். என் கைப்பை ஒன்று அவ்வாறே வீணாயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கினால் காற்றே வேறு. அங்கே உறவினர் வீட்டில் நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் நான்கைந்து நாள் தொங்கவிட்டு, நன்கு உலர்ந்த பின் டப்பாவில் வையுங்கள்.

காப்பித் தூள் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் காப்பித் தூளுக்குப் பஞ்சமில்லை என்பதால் அதையும் செய்து பார்த்துவிட்டேன்: சில வாரங்கள் காப்பி மணத்தது, அதன் அடியில் புகை அப்படியே இருந்தது.

பை தைப்பவர் (சேலம், செவ்வாய்ப்பேட்டை):
என்னிடம் இத்தகைய பைகள் வரும்போது நான் முதலில் ஐயப்படுவது தோலை அன்று, உள்ளே இருக்கும் லைனிங் துணியையும் அடிப்பாகத்து அட்டையையும்தான். பழைய பைகளில் வடிவம் குலையாதிருக்கத் தடித்த அட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அது ஈரத்தையும் புகையையும் குடித்துக்கொண்டு, மழை நாள்தோறும் திருப்பிக் கொடுக்கும். அடித்தையலைப் பிரித்து அட்டையை மாற்றிவிடுங்கள். லைனிங்கை மட்டும் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் துடைத்து, சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்பவர் (ஏற்காடு):
அனைவருக்கும் நன்றி. பையைச் சேலத்தில் தங்கை வீட்டில் உலர்த்திய பின் அடித்தையலைப் பிரித்தோம். அட்டை கையில் எடுத்தவுடனேயே கணப்பறையைப் போல் மணத்தது. புதிய அட்டை இட்டு, கார்பனுடன் பன்னிரண்டு நாள் வைத்த பிறகு, பைக்குள் முகத்தை நுழைத்தால் மட்டுமே இலேசாகத் தெரிகிறது. கோட்டின் அக்குளில் வாடை இன்னும் மீதமிருக்கிறது. கார்பனைப் புதிதாக மாற்றி அதை மீண்டும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.