ஷெட்லாந்தில் பஃபின்: ஜூனில் போகலாமா?

ஈசூன்வாசி: ஜூன் பள்ளி விடுமுறையில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துக்குப் போக ஆசை. பஃபின் என்ற கடற்பறவையைக் கிட்டத்தில் பார்க்க முடியுமா? அம்மாவும் வருகிறார், ரொம்ப தூரம் நடக்க மாட்டார்.

கடற்பறவை: தாராளமாகப் போங்கள், ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை கடலுக்குத் திரும்பிவிடும். சம்பர்க் முனைக்குப் போனால் போதும், கொஞ்சம் ஏற்றம்தான். கல்சுவருக்கு அந்தப் பக்கம் வளை வாசலில் நிற்கும், அலகில் வெள்ளி நூல்போல் சின்ன மீன்கள் வரிசையாகத் தொங்கும், அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். சுவரைத் தாண்டாதீர்கள், கீழே செங்குத்தான பாறை, பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீரா: நீர்நாயையும் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவில் நாம் பார்ப்பதுபோல் கூட்டமாக வராது, அது வேறு இனம், பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். கடல் வற்றும் நேரத்தில் பாசிப் பாறைகளில் தேடுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்காருங்கள், மோப்பம் பிடித்தால் ஓடிவிடும்.

ஈசூன்வாசி: நன்றி அக்கா. ஷெட்லாந்தின் வடகோடியில் இருக்கும் ஹெர்மனஸ் பறவைக் காப்பகத்துக்கும் போகலாமா?

கடற்பறவை: அங்கே நடை அதிகம், மேலே ஸ்குவா பறவைகள் கூட்டைக் காக்க தலையை நோக்கிப் பாய்ந்து வரும். அம்மாவுக்கு வேண்டாமே. ஜூனிலும் குளிர்காற்றுதான், நல்ல மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.