மறுமொழி: ‘செக்பொயின்ற்’ என்பதற்குத் தமிழ் (எஃப்2எஃப்எஸ் கையேடு)

குழுவிலுள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எஃப்2எஃப்எஸ் (மெமரி காட் போன்றவற்றில் கோப்புகளை எழுதிவைக்கும் லினக்ஸ் கோப்பு முறைமை) கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘வழு’ (பக்), ‘கணு’ (நோட்), ‘துண்டம்’ (செக்மென்ற்), ‘பதிகை’ (லொக்) எல்லாவற்றுக்கும் உடன்பட்டுவிட்டோம். இழுபடுவது ‘செக்பொயின்ற்’, அதாவது முறைமை தன் கணக்கைப் பொருந்திய நிலையில் எழுதிவைக்கும் கட்டம், ஒன்றுதான். வந்த மடல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதாமல் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘சோதனைச் சாவடி’ என்று போடலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல். இங்கே வனத்துறைகூட வைத்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூர் நண்பருக்கு: உங்கள் பக்கத்தில் அது லாரியை மறித்துப் பற்றுச்சீட்டுப் பார்க்கிற இடம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் வன்னிக்குள் வர, போக இருந்த வாசல்கள் தெற்கே ஓமந்தை, வடக்கே முகமாலை. இறங்கி, பொதியைப் பிரித்து, அடையாள அட்டையை நீட்டி நின்ற நிலை அது. அதைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக் கணினி ‘கடைசிச் சோதனைச் சாவடிக்குத் திரும்புகிறது’ என்று திரையில் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பின்னால் நிற்கிற ஆசிரியருக்குச் சிரிப்பு வராது. கையேடு முதலில் போகப்போவது அந்தப் பாடசாலைகளுக்குத்தான்.

> அப்ப செக்பொயின்ற் எண்டே விடுவம். ஏன் தேவையில்லாத வில்லங்கம்?

புதுக்குடியிருப்புத் தம்பி, வில்லங்கம் அதிலேதான் கூட. ‘சோதனைச் சாவடி’ பேப்பரில் வந்த சொல். சனம் வாயால் சொன்னது ‘ஓமந்தை செக்பொயின்ற்’ என்றுதான். ஒலிபெயர்த்து வைத்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தால், தப்ப நினைத்த இடத்துக்கே போய்ச் சேருவோம்.

ஆனால் மனம் நோகும் என்பதை மட்டும் வைத்து ஒரு கலைச்சொல்லைத் தள்ளுவது சரியில்லை என்று வவுனியா ஆசிரியர் எழுதியதை ஏற்கிறேன். பொருள் சரியாக இருந்தால் நோவைப் பொறுத்துக்கொண்டு வைக்கலாம். பொருளே சரியில்லை என்பதுதான் என் வாதம்.

இந்தக் கோப்பு முறைமையில் செக்பொயின்ற் யாரையும் மறிப்பதுமில்லை, எதையும் சோதிப்பதுமில்லை. பளிச்சீட்டு நினைவகத்தில் (மெமரி காட்டில் உள்ள ஃபிளாஷ்) எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத ஏலாது. பெரிய பாளமாக அழித்த பிறகுதான் எழுதலாம். அதனால் எஃப்2எஃப்எஸ் மாறியதை எல்லாம் புது இடத்தில் எழுதிக்கொண்டே போகிறது. தொகுதி ஒன்று 4 கிலோபைற், 512 தொகுதி சேர்ந்தால் 2 மெகாபைற் துண்டம். ஒரே நேரத்தில் ஆறு பதிகைகள் (வரிசையாக எழுதிக்கொண்டு போகும் இடங்கள்) திறந்திருக்கும். தரவுக்கு மூன்று, கணுவுக்கு (கோப்பின் தரவு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் தொகுதிக்கு) மூன்று. அடிக்கடி மாறுவது, இடைநடு, எப்போதாவது மாறுவது என்று பிரித்து எழுதும். எந்தத் தொகுதி இன்னும் செல்லுபடியாகிறது, எந்தக் கணு இப்போது எங்கே கிடக்கிறது என்ற கணக்கு தற்காலிக நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு முழுவதும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிற ஒரு கட்டத்தில் அதை அட்டையில் (மெமரி காட்டில்) எழுதிவிடுவதுதான் செக்பொயின்ற். பின்னணியில் இதற்கு இயல்பாக உள்ள இடைவெளி 60 செக்கன். கழற்றும்போதும், முழுவதையும் எழுதிவிடச் சொல்லிக் கேட்கும்போதும் உடனே நடக்கும்.

அட்டையில் இதற்கென்று இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மாறி மாறி எழுதும். ஒவ்வொன்றிலும் தலைப்பக்கம் ஒரு பதிப்பெண், வால்பக்கம் அதே பதிப்பெண். பாதி எழுதும்போது கரண்ட் நின்றால் தலையும் வாலும் பொருந்தாது, அது செல்லாது. மற்ற இடத்தில் இருக்கிற முந்தியது செல்லும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த மாதிரி நாட்களில் மெமரி காட்டில் ஓடுகிற ஒரு சின்னக் கணினி மறுபடி எழும்புவதற்கு இந்த இரட்டை ஏற்பாடு முக்கியமான காரணம்.

இந்த முறை எஃப்2எஃப்எஸ் கண்டுபிடித்தது அல்ல. 1990களின் தொடக்கத்தில் பெர்க்லியில் ரோசன்பிளமும் ஔஸ்டர்ஹவுட்டும் பதிகை வடிவிலான கோப்பு முறைமையை உருவாக்கியபோதே இரண்டு இடங்களில் மாறி மாறி எழுதும் செக்பொயின்ற் இருந்தது. தரவுத்தளக்காரர் அதற்கு முன்பிருந்தே அந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். சாம்சுங்கில் ஜேகுக் கிம் எழுதிய எஃப்2எஃப்எஸ் 2012இல் வெளிவந்து, 2013இல் லினக்ஸ் 3.8 உடன் சேர்ந்தது. ஆகவே நாங்கள் வைக்கிற சொல் கோப்பு முறைமைக்கும் தரவுத்தளத்துக்கும் பொருந்த வேண்டும். ‘அட்டை’, ‘நினைவகம்’ என்று எதையும் அதற்குள் நுழைக்கக் கூடாது.

இனி வந்த முன்மொழிவுகள்.

‘சோதனைப் புள்ளி’: சாவடியை எடுத்துவிட்டாலும் சோதனை மிஞ்சுகிறது. உண்மையிலே சோதிக்கிற கருவி வேறே இருக்கிறது, எஃப்எஸ்சிகே. அது அட்டையை முழுக்க நடந்து எண்ணி, தான் எண்ணியதைச் செக்பொயின்றில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கும். ‘சோதனை: தொகுதிகளின் எண்ணிக்கை சோதனைப் புள்ளியுடன் பொருந்துகிறது’ என்று எழுதிப் பாருங்கள். எது சோதிக்கிறது, எது சோதிக்கப்படுகிறது? (அந்த வரிசையில் வரும் ஆங்கிலச் செய்தி ஒன்றில் ‘பொருந்துதல்’ என்ற சொல்லிலேயே ஓர் எழுத்து விடுபட்டுப் பல பதிப்புகள் ஓடியது. மொழிபெயர்க்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்.)

‘மீட்புப் புள்ளி’: விண்டோசில் இருக்கிற வசதியோடு குழம்பும். தவிர, மீட்பு அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

‘நிலைப்பதிவு’: நான்கு பேர் ஆதரித்த சொல். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ‘பதிகை’ என்பதை ஆறு பதிகைகளுக்கும் கொடுத்துவிட்டோம். பதிகையில் பதிவது ஒன்று, நிலைப்பதிவு வேறொன்று என்று ஒவ்வொரு பக்கத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும். ‘பதிவு’ என்றாலும் இங்கே சனத்துக்கு வேறு ஞாபகங்கள் வரும், அதை விடுவோம்.

‘ஒப்புநிலை’: முல்லைத்தீவு அக்கா தந்தது. தலையும் வாலும் ஒத்திருந்தால்தான் செல்லும் என்பதை இந்தச் சொல் பிடித்துவைத்திருக்கிறது. இதுவரை வந்ததில் இதுதான் பொருளைத் தொட்டது. குறை என்னவென்றால், இலக்கணம் படித்தவருக்கு ‘ஒப்பீடு’ காதில் விழுகிறது. வினையாக்கவும் வசதியில்லை. ‘ஒப்புநிலை செய்’ என்றால் எதையோ எதனோடோ ஒப்பிடச் சொன்னதுபோல இருக்கிறது.

அக்காவின் சொல்லையே திருப்பிப் போட்டு, ‘நிலையொப்பம்’ என்று முன்மொழிகிறேன்.

ஒப்பம் என்றால் ஒத்திருத்தல், கையெழுத்து இரண்டும்தான். இரண்டுமே இங்கே தேவை. விதானையார் (கிராம அலுவலர்) ஒப்பம் வைக்கும்வரை கடிதம் வெறும் தாள். புதுக் கடிதத்தில் ஒப்பம் விழுவதற்குள் அது கிழிந்துபோனால், முன்பு ஒப்பம் விழுந்த பழைய கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டலாம். செக்பொயின்ற் செய்வது இவ்வளவுதான். வினையும் தானாக வருகிறது: நிலையொப்பமிடு, நிலையொப்பமிட்டது, கடைசி நிலையொப்பத்துக்கு மீள்கிறது.

> போமற் கருவிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? அந்த அத்தியாயத்தில் இந்தச் சொல் வரவே வராதே.

வரும், தம்பி. இந்தச் சொல் நன்றாகத் தேவைப்படுவதே அந்த அத்தியாயத்தில்தான். போமற் கருவி, அதாவது அட்டையைப் புதிதாக ஆயத்தம் செய்கிற நிரல், வெறுமனே அழித்துவிட்டுப் போவதில்லை. தலைமைத் தொகுதியை இரண்டு பிரதியாக எழுதும். கணு முகவரி அட்டவணை, துண்ட விவர அட்டவணை, வேர்க் கோப்புறை எல்லாம் எழுதும். முதலாவது நிலையொப்பத்தையும் அதுதான் இடும். அந்த முதலாவது ஒப்பத்தின் பதிப்பெண்ணில்தான் ஒரு நல்ல வழு ஒளிந்திருந்தது.

ஒரு செயலி ‘இந்தக் கோப்பை இப்போதே பத்திரமாக எழுது’ என்று கேட்கும்போதெல்லாம் முழு நிலையொப்பம் இட்டால் அட்டை தாங்காது, வேகமும் போய்விடும். ஆகவே எஃப்2எஃப்எஸ் அந்தக் கோப்பின் தரவையும் அதற்குரிய கணுவையும் மட்டும் எழுதி, கணுவில் ஓர் அடையாளம் வைத்துவிடும். கரண்ட் போய் வந்தால், முதலில் கடைசி நிலையொப்பத்துக்குப் பின்வாங்கும். பிறகு அதற்குப்பின் எழுதப்பட்ட, அடையாளம் வைத்த கணுக்களைச் சங்கிலியாகத் தொடர்ந்து முன்னே போகும். ‘மீட்புப் புள்ளி’ சரிவராது என்று சொன்னது இதனால்தான். சங்கிலியில் வருகிற கணு உண்மையானதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கணுவின் அடியிலும் அது எழுதப்பட்ட காலத்து நிலையொப்பப் பதிப்பெண் இருக்கும். எண் பொருந்தினால் ஏற்கும், இல்லாவிட்டால் நிற்கும்.

முந்திய போமற் கருவி முதலாவது ஒப்பத்துக்கு எப்போதும் 1 என்றே எண் போட்டது. அட்டை பழைய தொகுதிகளைக் கைவிடும் கட்டளையை ஏற்காதது என்றால், போமற் செய்தபின்னும் பழைய கணுக்கள் அப்படியே கிடக்கும். அவற்றிலும் சிறிய எண்கள்தான். புதிதாகப் போமற் செய்த அட்டையில் சில நிமிடத்துக்குள் கரண்ட் போனால், மீட்பு சங்கிலியைத் தேடிப் போய், போன பிறவியின் கணுவைப் பிடித்து, எண் பொருந்துகிறதே என்று உள்ளே எடுக்க வாய்ப்பிருந்தது. பிறகு எஃப்எஸ்சிகே ஓட்டினால் கணக்கு எதுவும் பொருந்தாது. கரு நிரலில் (லினக்ஸ் கேர்னலில்) பிழை தேடுவீர்கள், அங்கே ஒன்றும் இருக்காது.

திருத்தம் சின்னது. முதலாவது நிலையொப்பத்தின் எண்ணை எழுமாறாக எடுத்து, கடைசி இருமத்தை (பிட்டை) 1 ஆக்கி ஒற்றை எண்ணாக்கிவிட்டார்கள். அதோடு, போமற் செய்யும்போது பழைய கணுச் சங்கிலியைத் தேடிப் பிடித்துச் செல்லாததாக்கும் பகுதியும் சேர்ந்தது. (‘எழுமாறு’ எங்கள் உயர்தரக் கணிதத்துச் சொல். கோயம்புத்தூர்க்காரர் ‘சமவாய்ப்பு’ கேட்பார். கையேட்டில் எழுமாறுதான் இருக்கும், பின்னிணைப்பில் மற்றதையும் போடுவோம்.)

இப்போது அதே பந்தியைச் ‘சோதனைச் சாவடிப் பதிப்பெண்’, ‘முதலாவது சோதனைச் சாவடி’ என்று வைத்து வாசித்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் விளங்காது. ‘பழைய ஒப்பத்தின் எண்ணும் புது ஒப்பத்தின் எண்ணும் ஒன்றாய் இருந்ததால் ஏமாந்தது’ என்றால் கடையில் போன் திருத்துகிற பெடியனுக்கும் உடனே பிடிபடும்.

> ‘டிஜிட்டல் கையொப்பம்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே. குழம்பாதா?

வவுனியா ஆசிரியரின் இந்தத் தடை ஒன்றுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கையொப்பம் ஆளைச் சுட்டும், நிலையொப்பம் நிலையைச் சுட்டும் என்று முன்னொட்டே பிரித்துக் காட்டுகிறது என்பது என் பதில். ஆனால் எஃப்2எஃப்எஸ்ஸிலேயே கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது, அங்கே உண்மையான மின்கையொப்பமும் வரலாம். அந்த அத்தியாயத்தில் மட்டும் ‘ஒப்பம்’ என்று தனியே சுருக்கி எழுதாமல் எப்போதும் முழுச்சொல்லாக எழுதுவோம் என்று விதி வைத்தால் போதும் என நினைக்கிறேன். ஆசிரியர் இதற்கு உடன்படாவிட்டால் ‘ஒப்புநிலை’க்குத் திரும்ப எனக்கு ஆட்சேபம் இல்லை. சாவடிக்குத் திரும்பத்தான் ஆட்சேபம்.

‘போமற்’ பற்றி இரண்டு வரி. ‘வடிவமைத்தல்’ வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். எழுத்தைத் தடிப்பாக்குவதற்கும் அட்டையைத் துடைப்பதற்கும் ஒரே சொல் இருந்தால், ஏதோ அழகுபடுத்தப் போகிறது என்று ஆம் அழுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். ‘வடிவூட்டல்’ என்று வைத்து, கேள்வியில் ‘இதிலுள்ள கோப்புகள் இனிக் கிடைக்காது’ என்று சேர்த்து எழுதுகிறேன். இப்போதைய கருவி, அட்டையில் வேறொரு கோப்பு முறைமை ஏற்கெனவே இருந்தால் வற்புறுத்தும் தெரிவைக் கொடுக்காமல் மேலே எழுத மறுக்கிறது. நல்ல மாற்றம். அந்த மறுப்புச் செய்திக்குத் தமிழ் இன்னும் ஆரும் எழுதவில்லை. புதுக்குடியிருப்புத் தம்பி எடுத்துச் செய்யுமன்.

நான் மாற்றி எழுதிய வரிகள் இவை, பார்த்துச் சொல்லுங்கள்:

‘முதலாவது நிலையொப்பம் இடப்பட்டது.’
‘இரண்டாவது நிலையொப்பம் செல்லாது, முதலாவது பயன்படுத்தப்படுகிறது.’
‘செல்லுபடியாகும் தொகுதிகளின் எண்ணிக்கை நிலையொப்பத்துடன் பொருந்துகிறது.’
‘கடைசி நிலையொப்பத்துக்குப் பின் எழுதிய கோப்புகள் மீட்கப்படுகின்றன.’

கடைசி வரியில் ‘கோப்புகள்’ என்று பொதுவாகச் சொல்வது சரியோ என்று ஒரு சந்தேகம். மீளுவது எல்லாக் கோப்பும் அல்ல, பத்திரமாக எழுதச் சொல்லிக் கேட்ட கோப்புகள் மட்டும். திரையில் அவ்வளவுக்கு இடமில்லை. சுருக்கமாகச் சொல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

‘குப்பை சேகரிப்பு’ பற்றி நேற்று வந்த மடலுக்கு வேறு தலைப்பில் பதில் எழுதுகிறேன். ‘துப்பரவு’ எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் காணி துப்பரவாக்குதலையும் அது நினைவூட்டுகிறது என்று அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து