மக்ரூன் பெட்டியை மாற்றுகிறோம்: நமத்துப்போகாமல் இருக்க என்ன வழி?

மூன்றாமாண்டு_டிசைன்:
வணக்கம். தூத்துக்குடியில் ஒரு பேக்கரிக்கு, கால் கிலோ மக்ரூன் பெட்டியை நாங்கள் நாலு மாணவர்கள் புதிதாக வடிவமைக்கிறோம். இப்போது சாதா பாலித்தீன் கவரில் போட்டு, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்து, பெட்டிக்குள் வைக்கிறார்கள். வெளியூர் போவதற்குள் நமத்துவிடுகிறது. நுனி உடைந்து அடியில் தூளாகக் கிடக்கிறது. எங்கள் யோசனை: கவரே வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) டூப்ளெக்ஸ் அட்டையில் (ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல்) பெட்டி, உள்ளே பட்டர் பேப்பர், முகப்பில் ஜன்னல். முதலில் 1,000 பெட்டி. சரிவருமா?

கவர்க்கடை:
வராது. கவரை எடுத்தா இன்னும் சீக்கிரம் நமத்துடும். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூணையும் அடிச்சு மெதுவா உலர வெச்ச பண்டம் அது. கடற்கரைக் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். பட்டர் பேப்பர் எண்ணெயைத்தான் தடுக்கும், ஈரத்தை இல்ல. டூப்ளெக்ஸோட சாம்பல் பக்கம் பழைய காகிதக் கூழ். பண்டம் நேரா அதுல படவே கூடாது.

பெட்டியை ஓரமா வெச்சுட்டு முதல்ல கவரை முடிவு பண்ணுங்க. ஸ்டேப்ளர் ஓட்டை போட்ட கவரும் திறந்த கவரும் ஒண்ணுதான். மூணடுக்கு கவர் (12 மைக்ரான் பெட்னு சொல்ற பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு போட்ட 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட், 50 மைக்ரான் பாலித்தீன்) நல்லா தாங்கும். கிராஃப்ட் பேப்பர் கவர் பார்க்க அழகு. உள்ள பிளாஸ்டிக் லேமினேஷன் இல்லாட்டி வெறும் காகிதப் பைதான்.

கவர் வாயைச் சூடு வெச்சு ஒட்டற சீல் 8-10 மில்லிமீட்டர் அகலம் வேணும். பாதி கோளாறு இங்கதான்: கொட்டும்போது சர்க்கரைத் தூள் கவர் வாய்ல ஒட்டிக்கும், சீல் பார்க்க நல்லா இருக்கும், ஆனா நடுவுல மயிரிழை வழி விட்டுடும். சீல் கோட்டுக்குக் கீழ இறங்கற மாதிரி அகலக் குழாய் புனல் வெச்சுக் கொட்டுங்க. பத்துக்கு ஒரு கவரை வாளித் தண்ணில அமுக்கிப் பாருங்க, குமிழி வந்தா ஓட்டை. சூடு ஆறாம அடைச்சா உள்ளேயே வேர்க்கும். ஆறினப்புறம் தட்டுல கிடந்தா அங்கேயே நமக்கும். ஆறின உடனே அடைக்கணும்.

மூன்றாமாண்டு_டிசைன்:
மெட்டலைஸ்டு என்றால் ஜன்னல் வழியே மக்ரூன் தெரியாதே? கடைக்காரர் ஜன்னலை விடமாட்டேன் என்கிறார். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் சமாளிக்கலாமா?

கவர்க்கடை:
சீல் ஒழுகினா 5 கிராம் ஜெல்லுல சில நாள்ல ஈரம் நிறைஞ்சுடும். அப்புறம் அது சும்மா கிடக்கும். ஜன்னல் வேணும்னா 20 மைக்ரான் பிஓபிபி, 30 மைக்ரான் சிபிபி (ரெண்டும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்) ரெண்டடுக்கு கண்ணாடிக் கவர் போடலாம். மெட்டலைஸ்டு அளவுக்குத் தாங்காது. எத்தனை நாள் தாங்கும்னு சோதிச்சுட்டு கடைக்காரர்கிட்ட சொல்லுங்க.

எடைமேடை:
சோதனைக்கு லேப் தேவையில்லை. கிண்ணத்தில் சமையல் உப்பு போட்டு, கரையாத உப்பு மிச்சம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, இறுக மூடும் டப்பாவுக்குள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். கூடவே இரண்டு வகைக் கவரிலும் மும்மூன்று, கவரில்லாத மக்ரூன் ஒன்று. அட்டைப்பெட்டி வேண்டாம், அட்டையே ஈரம் குடித்து எடையைக் கெடுக்கும். 0.01 கிராம் தராசில் தினமும் நிறுங்கள். கவரில்லாதது பல்லில் ஒட்டத் தொடங்கும்போது எத்தனை சதவீதம் எடை ஏறியிருக்கிறதோ, அதுதான் எல்லை. கவரில் உள்ளது அந்த எல்லையைத் தொட எத்தனை நாள் என்று பார்த்துத்தான் காலாவதித் தேதி பேசவேண்டும்.

லேபிளில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு: இனிப்புதானே என்று சைவக் குறியான பச்சை வட்டம் போடுவது. முட்டை இருக்கிறது, அதனால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம். முட்டை, முந்திரி இரண்டையும் ஒவ்வாமை வரியிலும் சொல்லவேண்டும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணுக்கும், நிகர எடை, எம்ஆர்பி, ஒரு கிராம் விலை எல்லாவற்றுக்கும் இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

டைபஞ்சிங்:
பெட்டி பக்கம் நாலு விஷயம். அட்டையின் நாரோட்டம் (காகித நார் படிஞ்சிருக்கற திசை) பெட்டியைச் சுற்றி ஓடணும். மேலிருந்து கீழா ஓடினா பக்கச்சுவர் தொப்பை போடும். பசை ஒட்டற மடிப்புல வார்னிஷ் (அச்சு மேல பூசற பளபளப்பு) வரக்கூடாது, வந்தா கொஞ்ச நாள்ல வாய் பிளக்கும். தேதி முத்திரை குத்தற இடத்தையும் வார்னிஷ் இல்லாம விடுங்க, இல்லாட்டி மை கையோட வந்துடும். அடிப்பக்கம் சாதா செருகல் வேண்டாம், பெட்டியை விரிச்சதும் தானா பூட்டிக்கற ஆட்டோ லாக் போடுங்க.

கவர்ல காத்து ரொம்ப விட்டு சீல் பண்ணாதீங்க. கடல்மட்டத்துல அடைச்ச கவர் சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்குப் போனா உள்காத்து கால் பங்கு உப்பும், பெட்டி மூடி தானா திறக்கும். அதுக்காக காத்தே இல்லாம அமுக்கினாலும் நுனி உடையும்.

சிவகாசி அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி, அச்சடிக்காத வெள்ளை மாதிரி 10 பெட்டி வெட்டி வாங்குங்க. பண்டத்தோட மூடி, அனுப்பற வெளிப்பெட்டில அடுக்கி, 76 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம்னு பத்து தடவை போடுங்க. அப்புறம் பிரிச்சு, அடியில கிடக்கற தூளை நிறுத்துப் பாருங்க. பழைய பெட்டிக்கும் இதையே செஞ்சு வெச்சுக்கிட்டா கடைக்காரர்கிட்ட காட்ட ஒரு கணக்கு இருக்கும்.