ஃப்ளைட் 666 ஓடிய அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

லோகோ_வீட்டுப்_பையன், பெரம்பூர்

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன் விமானத்தில் ஊர் ஊராகப் போய் வாசித்த சுற்றுப்பயணத்தின் ஆவணப்படம்; அதற்கு மேல் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2008 பிப்ரவரி 1, மும்பை, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானம். அயர்ன் மெய்டனின் அந்தச் சுற்றுப்பயணத்தில் முதல் கச்சேரி. நான் அங்கே நின்றேன். வீட்டில் சொன்னது, மும்பையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ என்று. அம்மா புளிசோறு கட்டிக் கொடுத்தார். அப்பா ரயில்வே பட்டறைக்காரர். சென்ட்ரலுக்கு வந்து, பெட்டியின் அடியைக் குனிந்து பார்த்து, சக்கரம் சரியாக இருக்கிறது என்று திருப்தியான பிறகுதான் என்னை ஏறவிட்டார்.

அடுத்த வருடம் டிவிடி வந்தது. ஞாயிறு மதியம், அப்பா கறிசோறு தின்றுவிட்டு ஈசி சேரில். சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருடம் இரும்போடு இருந்தவர். படத்தில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: பாடுகிறவரே போயிங் 757-ஐ ஓட்டுகிறார், பின்பக்க சீட்டுகளைக் கழற்றிவிட்டு 12 டன் சாமான் ஏற்றுகிறார்கள். "அப்போ பாதி பாசஞ்சர், பாதி லக்கேஜ் வேனு" என்றார். பிறகு தூங்கிவிட்டார். நான் கச்சேரிப் பாட்டுகள் மட்டும் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். அதில் முதல் பாட்டே மும்பைதான், 'ஏசஸ் ஹை'. கூட்டம் கத்திய கத்தலில் கண் விழித்தார்.

"இது எந்த ஊருடா?"

"மும்பை."

"எப்போ?"

வாய் முந்திக்கொண்டது. "போன வருஷம், பிப்ரவரி ஒண்ணு."

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை" என்றார். அவ்வளவுதான். பாட்டு முழுக்க ஓடியது. எனக்கு வியர்த்துவிட்டது. முடிந்ததும், "நீ எங்க நிக்கற, காட்டு" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். மூன்று முறை பின்னால் ஓட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து தேடினார். கேமரா நான் நின்ற பக்கம் வரவே இல்லை. இப்போதும் அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


ராயபுரம்_ஆல்டோ

எங்கள் வீட்டில் அட்டையிலேயே வில்லங்கம். 666 என்பது பைபிளில் மிருகத்தின் எண்; அதை எழுதிய எதுவும் வாசல் தாண்டாது. அம்மா கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முக்கியமான ஆள். அதனால் டிஸ்க் இரண்டையும் 'கிறிஸ்மஸ் கீதங்கள்' கவருக்குள் போட்டு வைத்திருந்தேன். டிசம்பர் வந்தது. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான் பாட்டுப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா ரிமோட்டைக் கையில் பிடித்தபடி ஹாலில் நின்றிருந்தார். திரையில் அந்த பிரேசில் பாதிரியார். தெரியும் இல்லையா, உடம்பெல்லாம் மெய்டன் பச்சை குத்திக்கொண்டவர். செத்தேன் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்து முதலில் கேட்டது:

"இவரு எந்த சபை? ஆர்.சி.யா, நம்மளா, பெந்தெகொஸ்தேயா?"

தெரியாது என்றேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, "அந்த 666 பாட்டைப் போடு, என்னதான் சொல்றான் பாப்போம்" என்றார். 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' போட்டேன். ஆரம்பத்தில் ஒருவர் வசனம் வாசிப்பாரே, அது முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "வெளிப்படுத்தின விசேஷம். முதல்ல பன்னெண்டாம் அதிகாரம் பன்னெண்டாம் வசனம். அதோட நேரா பதிமூணு பதினெட்டைச் சேர்த்து வெச்சிருக்கான். நடுவுல ஒரு அதிகாரமே காணோம். வசனத்தை இப்படியெல்லாம் ஒட்டக் கூடாது."

பைபிளை எடுத்துப் பார்த்தேன். அம்மா சொன்னது அப்படியே சரி. 1982-லிருந்து உலகம் முழுக்கக் கேட்கிற பாட்டு. இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.


காசிமேடு_பேஸ்

ஆல்டோ, உங்கள் அம்மா கட்சிதான் நானும். ஒட்டக் கூடாது. அந்தக் கச்சேரி டிஸ்க்கில் 16 பாட்டு, 16 ஊர். ஒரு பாட்டு மும்பை, அடுத்தது மெல்போர்ன், அதற்கடுத்தது சிட்னி. இதற்குப் பெயர் கச்சேரியா? ஒரு ராத்திரியில் குரல் எங்கே தொய்கிறது, எங்கே ஏறுகிறது என்று கேட்பதுதான் கச்சேரிப் படம். 'ராக் இன் ரியோ' பாருங்கள். 2001 ஜனவரி 19, ஒரே ராத்திரி, இரண்டரை லட்சம் பேர். 1985-ல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' படம் பாருங்கள், லாங் பீச் அரங்கம் மட்டும்.

அந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' கேசட்தான் என் அனுபவமும். மூர் மார்க்கெட்டில் (எரிந்ததற்குப் பிறகு அல்லிக்குளத்தில் கட்டிய மார்க்கெட்) பழைய வீடியோ கேசட்டாக வாங்கினேன். கேசட் ஓட்டும் டெக் எதிர்வீட்டு அண்ணனுடையது. 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்', 13 நிமிடப் பாட்டு, நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் கட்டை முனகுகிற சத்தம் மட்டும் வரும் இல்லையா. காசிமேட்டில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கும் இடத்தில் ராத்திரி நின்றால் அச்சு அசல் இதே சத்தம்தான். ஆங்கிலக்காரன் நம் துறைமுகத்தில் வந்து பதிவு செய்துவிட்டான் என்று புல்லரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். முனகல் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால் பாதி சத்தம் டெக்கிலிருந்து. டேப்பைத் தின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணன் பேனாவை விட்டு அதைச் சுருட்டி எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு முழுப் பாட்டையும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அந்தப் பத்து விநாடிப் புல்லரிப்பு திரும்பி வரவில்லை.


தேரடி_தெரு, திருவொற்றியூர்

காசிமேடு அண்ணா, தேர் ஒரே தெருவிலா நிற்கிறது? நான்கு மாட வீதியும் சுற்றினால்தான் தேர். 45 நாளில் 23 கச்சேரி, மும்பையில் தொடங்கி டொரன்டோவில் முடிகிறது. ஊர் மாற மாறக் கூட்டம் மாறுவதைக் காட்டுவதுதானே படம்? அப்புறம் நீங்கள் கும்பிடும் 'லைவ் ஆஃப்டர் டெத்' இசைத்தட்டில் நான்காவது பக்கம் லாங் பீச் இல்லை, லண்டன் ஹேமர்ஸ்மித். அதுவும் ஒட்டுத்தான்.

என் கதை: 2012. தினம் 2 மணி நேரம் கரண்ட் போகுமே, அந்த வருடம். நண்பன் வீட்டில் எட்டுப் பேர். புயனஸ் அயர்ஸில் 'ஃபியர் ஆஃப் தி டார்க்'. (மற்றதெல்லாம் எண்பதுகளின் பாட்டு, இது ஒன்றுதான் 1992.) கிட்டார் மெட்டைக் கூட்டமே பாடத் தொடங்கியது, நாங்களும் பாடினோம், டப்பென்று கரண்ட் போய்விட்டது. இருட்டு. ஒருவனும் நிறுத்தவில்லை. டிவி அணைந்ததே தெரியாத மாதிரி மெட்டைப் பிடித்துப் பாடிக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டி, "எந்த சாமிக்குடா பஜனை?" என்று கேட்டது.


காசிமேடு_பேஸ்

இசைத்தட்டைப் பற்றி நான் பேசவில்லை, படத்தைப் பற்றிப் பேசினேன். மறுபடி படியுங்கள்.

அப்புறம், 2012-ல் சென்னையில் கரண்ட் போனது பகலில். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறுக்குள், ஏரியா ஏரியாவாக. அதெப்படி இருட்டு? 'ஃபியர் ஆஃப் தி டார்க்'கில் சரியாக இருட்டுகிறது என்றால் கதை கொஞ்சம் ஜோடனையாகத் தெரிகிறது தம்பி.


தேரடி_தெரு

பகல்தான். மதியம் இரண்டு மணி. சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் கோணியும் போர்வையும் அடைத்திருந்தோம். எட்டுப் பேர், ஃபேன் நின்றுபோய், மே மாதம். வேண்டுமானால் வியர்வையைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா?


புளியந்தோப்பு_இரண்டாம்_சந்து

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் தாய்மாமன் சாவுக்கு மேளம் அடிக்கிறவர். நான் டிரம்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்ததற்கு அவர்தான் காரணம். ஆனால் வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். "மாமா மாதிரி ஆயிடாத" என்பார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தார். கொஞ்சம் போட்டிருந்தார். நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். மெய்டனின் டிரம்மர் நிக்கோவை உற்றுப் பார்த்தார். "ஒத்தக் காலாலயா இந்த மிதி மிதிக்கறான்?" என்றார். ஆமாம், இரண்டு பெடல் வைத்து ஓட்டுகிற ஆள் இல்லை, ஒற்றைக் கால்தான் என்றேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பொகோட்டா வந்தது. கச்சேரி முடிந்து, நிக்கோ எறிந்த குச்சி ஒரு பையன் கையில் கிடைத்து, அவன் அதைப் பிடித்துக்கொண்டு அழுவானே.

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். "இன்னொரு வாட்டி." போட்டேன். பிறகு எழுந்துபோய்த் தன் பையிலிருந்து அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுக்குச்சியின் நுனி பிளந்திருந்தது, நூல் சுற்றியிருந்தார்.

"முப்பத்தஞ்சு வருசமா அடிக்கறேன். முடிஞ்சதும் எட்டி நில்லுன்னுதான் சொல்லுவான். இதுவரைக்கும் எவனும் குச்சியக் கேட்டதில்ல" என்றார்.

நான் கேட்டிருக்கலாம். "எனக்குக் கொடு மாமா" என்று ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தது.


மின்ட்_ஸ்பீக்கர், வண்ணாரப்பேட்டை

எல்லாம் படித்தேன், அருமை. என் அனுபவம் சின்னது: பர்மா பஜாரில் வாங்கிய காப்பியில் ஒரு டிஸ்க்தான் இருந்தது, இரண்டாவது உறையில் ஏதோ கார்ட்டூன். ஆறு மாதம் படத்தை மட்டும் பார்த்து, கச்சேரி என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தேன்.

ஆனால் நீங்கள் ஒருவரும் சத்தத்தைப் பற்றி எழுதவில்லையே. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மெய்டன் பார்ப்பது டீ வடிகட்டியில் பிரியாணி அள்ளுகிற மாதிரி. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் விரலால் அந்தக் குதிரை ஓட்டம் ஓட்டுகிறார், அதில் அடித் தந்தியின் அடிச் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். டிவி ஸ்பீக்கர் 100-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸ் கிட்டாரை நீங்கள் கேட்கவில்லை, கேட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். ஐந்து, ஏழு என்று பெட்டி அடுக்க வேண்டாம், நம் வீட்டு ஹாலுக்கு அது தாங்காது. ஊஃபரை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், மூலை குமுறும், எல்லாச் சுரமும் ஒரே "தொம்"மாகிவிடும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். அடியில் லாரி டியூப் வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் தரை வழியாகக் கீழ்வீட்டுக்காரர் தட்டு வரைக்கும் போகும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் ஒலியைக் கூட்டக் கூட்டக் கூரை தனியாகத் தாளம் போடும்; பழைய சாக்கு மூட்டை இரண்டைப் பரணில் போட்டால் பாதி அடங்கும். டிவியில் 'ஸ்மூத்' என்று ஒரு வசதி இருக்கும், அதை முதலில் அணையுங்கள், கச்சேரி சீரியல் மாதிரி தெரிகிறது. டிஸ்க் மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதையே எடுங்கள்.

புளியந்தோப்பு நண்பா, மாமாவை வீடியோ எடுத்து யூடியூபில் போடுங்கள். கீழே மைக் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. ஒரு மாதத்தில் எங்கேயோ போய்விடுவார்.


புளியந்தோப்பு_இரண்டாம்_சந்து

மாமாவுக்கு யூடியூப் வேண்டாம் சார். வீடியோ எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், சாவு வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் சொன்னது குச்சியைப் பற்றி.


காசிமேடு_பேஸ்

மின்ட், அவர் என்ன சொல்கிறார், நீங்கள் எங்கே மைக் வைக்கிறீர்கள்.

புளியந்தோப்பு, மாமா இப்போதும் அடிக்கிறாரா?


புளியந்தோப்பு_இரண்டாம்_சந்து

அடிக்கிறார் அண்ணா. தோள் வலி, முன்னைப் போல ராத்திரி முழுக்க முடிவதில்லை. போன வாரம் எங்கள் சந்திலேயே ஒரு சாவு. கடைசி அடி முடிந்ததும் போய்க் குச்சியைக் கேட்டேன். "பைத்தியமாடா, நாளைக்கு ஓட்டேரில வேலை இருக்கு" என்றார்.


லோகோ_வீட்டுப்_பையன்

நாளன்றைக்குப் போய்க் கேளுங்கள்.

மின்ட், உங்களுக்கு அந்த இரண்டாவது டிஸ்க் இன்னும் வேண்டுமா? என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் மும்பைப் பாட்டு மட்டும் தேய்ந்து திக்கும், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.